பச்சை இல்லாத பச்சை

விருத்தாசலத்தில் கலரைப் பற்றிப் பேச ஒருத்தனுக்குத் தகுதி உண்டென்றால் அது எனக்குத்தான் என்று போன பொங்கல் வரைக்கும் நினைத்துக்கொண்டிருந்தேன். பாலக்கரைப் பக்கம் பிளெக்ஸ் கடை வைத்துப் பதினாறு வருஷமாகிறது. கோதண்டபாணி கடை என்று கேட்டால் ஆட்டோக்காரர் வாசலிலேயே இறக்கிவிடுவார். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கண்ணீர் அஞ்சலி, எதுவானாலும் ஊரில் பாதி என் மெஷினில் அடித்ததுதான். என் கொள்கை ஒன்றே ஒன்று. பேனரில் காலி இடம் விடக்கூடாது. ஒரு சாண் இடம் சும்மா கிடந்தால் அங்கே ஒரு தாமரையைப் போடு. இல்லை ஒரு சிங்கத்தைப் போடு. அதுவும் இல்லையென்றால் தாய்மாமன் படத்தை இன்னொரு தடவை போடு. வாங்கிக்கொண்டு போனவர்கள் யாரும் குறை சொன்னதில்லை.

இந்தக் கொள்கையைப் போட்டு உடைத்தவள் பானுமதி. அவளைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

பானுமதி எங்கள் தெரு. வயது நாற்பத்து நாலு. பிறந்தது கம்மாபுரம் பக்கம். கட்டிக்கொண்டு வந்தவர் சாமிதுரை, ஜங்ஷன் ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டுகிறார். காலையில் ஏழே முக்காலுக்கு டி.வி.எஸ். வண்டியில் சாப்பாட்டுக் கூடையை மாட்டிக்கொண்டு அவள் தொழிற்பேட்டைக்குப் போவாள். அங்கே பழமலைநாதனுடைய செராமிக் யூனிட்டில் வேலை. வேலை என்றால் ப்யூஸ் கட்டை. நம் வீட்டு மீட்டர் பெட்டியில் செருகியிருக்கிறதே, அந்தப் பீங்கான் கட்டைதான். அதை எடுத்து, கிளேஸ் என்கிற மெருகுக் குழம்பு வாளியில் ஒரு முக்கு முக்கி, அடியைத் துடைத்து, பலகையில் வைக்க வேண்டும். ஒரு நாளைக்கு இரண்டாயிரம் கட்டை. பத்தொன்பது வருஷம். எல்லாம் ஒரே பிரவுன்.

"அண்ணே, கனவுல சாமி வந்தாக்கூட பிரவுனாத்தான் வருது" என்பாள். தீபாவளிக்குப் புடவை எடுக்கப் போனால் கடைக்காரன் பிரவுன் புடவையை விரித்த உடனே எழுந்து வந்துவிடுவாள். அவ்வளவு பகை.

கல்யாணத்துக்கு முன்னால் இரண்டு வருஷம் ஒரு பொம்மை யூனிட்டில் இருந்தாளாம். கிருஷ்ணர் பொம்மைக்கு நீலம் பூசுகிற வேலை. அந்தக் கதையை எங்கள் தெருவில் கேட்காதவர்கள் கிடையாது. நீலத்துக்குக் கோபால்ட் என்று ஒரு பொடி. அதைக் கலந்து பூசும்போது ரோஸ் நிறமாகத்தான் இருக்கும். சூளைக்குள் போய் வெந்து வந்தால்தான் நீலம். "கிருஷ்ணர் ரோஸா உள்ள போவாரு, நீலமா வெளிய வருவாரு. ஒவ்வொரு தபா சூளை தொறக்கும்போதும் எனக்குப் படபடன்னு இருக்கும்ணே" என்று சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். இருபது வருஷத்துக்கு முந்தைய நீலம் இன்னும் அங்கே இருக்கும்.

அவளுக்கு இன்னொரு வேலையும் உண்டு. சூளை வண்டியில் சரக்கு ஏற்றுவது. தண்டவாளத்தில் ஓடுகிற வண்டி. அதன்மேல் முட்டுகளை நிறுத்தி, பலகையை வைத்து, மறுபடி முட்டு, மறுபடி பலகை என்று அடுக்க வேண்டும். ஒரு பக்கம் கனம் கூடினால் உள்ளே போய்ச் சாய்ந்து மொத்தமும் நாசம். பானுமதி அடுக்கியது இதுவரைக்கும் சாய்ந்ததில்லை. அடுக்கி முடித்ததும் நாலடி தள்ளிப் போய் நிற்பாள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கையை நீட்டி, உள்ளங்கையால் ஒரு மூலையை மறைப்பாள். அந்த மூலை இல்லையென்றால் மிச்சம் எந்தப் பக்கம் விழும் என்று பார்ப்பாளாம். எனக்கு அது ஏதோ ஜோசியம் மாதிரி இருந்தது, சிரித்திருக்கிறேன்.

பொங்கல் முடிந்த மறுவாரம் பழமலைநாதன் எனக்குப் போன் செய்தார்.

"கோதண்டம், பாண்டியிலேர்ந்து மோகனப்பிரியான்னு ஒரு ஆர்ட்டிஸ்ட் மேடம் வராங்க. அவங்க வரைஞ்ச படத்தை எட்டுக்குப் பன்னெண்டு அடியில அடிச்சுக் குடு. அதைப் பாத்து நம்ம யூனிட்டுல டைல்ஸ் போடணும். ஒரு பிரசவ ஆஸ்பத்திரி செவுத்துக்காம்."

அந்த அம்மா வந்தார். முப்பத்தெட்டு வயதிருக்கும். பென் டிரைவை என் கம்ப்யூட்டரில் செருகிப் படத்தைத் திறந்தார். நான் பார்த்தேன். படம் எங்கே என்று இன்னொரு தடவை பார்த்தேன்.

பெரிய வெள்ளை. இடது பக்கம் மேலே, கொஞ்சம் கோணலாக, ஒரு பெரிய கருப்புப் பாளம். வலது பக்கம் கீழே ஒரு சின்ன ரோஸ் வட்டம். கருப்பின் மூலையிலிருந்து வட்டத்தை நோக்கி மெல்லிசாக ஒரு மஞ்சள் கோடு. அந்தக் கோடும் வட்டத்தைத் தொடாமல் நாலு விரல் முன்னாலேயே நின்றுவிட்டது. தீர்ந்தது. ஒரு மூக்கு இல்லை, ஒரு பூ இல்லை. அடியில் பொடி எழுத்தில் படத்தின் பெயர்: பச்சை.

"மேடம், பச்சையையே காணோமே? கோப்பு சரியா ஏறலையா?" என்று கேட்டேன்.

"அது பேருங்க" என்று சிரித்தார். அதற்குள் அவருக்கு ஏதோ போன் வந்தது, பேசிக்கொண்டே காரில் ஏறிப் போய்விட்டார். அன்றைக்கு அவர் இன்னும் ஒரு நிமிஷம் நின்று அந்தப் பெயருக்கு அர்த்தம் சொல்லிவிட்டுப் போயிருந்தால் இந்தக் கதையே கிடையாது.

யூனிட்டில் கலர் அடித்துக்கொண்டிருந்த ஆள் அந்த மாதம்தான் நின்றிருந்தார். யாரைப் போடுவது என்று பழமலைநாதன் தலையைச் சொறிந்துகொண்டிருந்தபோது பானுமதி நேராகப் போய் நின்றிருக்கிறாள். "நான் செய்யறேன் சார்." அவர் யோசித்தார். "செய்யி. ஆனா ஒரு டைல் தப்பாப் போனாலும் மறுபேச்சு கெடையாது, திரும்ப ப்யூஸ் கட்டைதான். நல்லா வந்துச்சுன்னா இனிமே கலர் வேலை உன்னுது" என்றாராம். அன்று சாயங்காலம் தெரு முழுக்க அவள் குரல்தான். சாமிதுரை ஆட்டோவை நிறுத்திவிட்டு எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார்.

மறுநாள் பிளெக்ஸை வாங்கிப் போக அவளே கடைக்கு வந்தாள். நான் தரையில் விரித்துப் போட்டேன்.

"பாத்துக்கோ பானு. இதுக்குப் போயி காரு போட்டுக்கிட்டு வந்தாங்க. என் பேரனே போடுவான்."

அவள் செருப்பைக் கழற்றிவிட்டுச் சுற்றிச் சுற்றி வந்தாள். பிறகு சுவரோரமாகப் போய் நின்று ஒரு கண்ணை மூடினாள்.

"அந்தக் கருப்பு வுழுந்துடும் போல இருக்குதில்ல?" என்றேன் நான்.

"வுழாதுண்ணே. வட்டம் புடிச்சிருக்குது. இங்க வாங்க, இப்படி நில்லுங்க. கையால வட்டத்தை மறைங்க."

மறைத்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், கருப்பு சரிந்தது. என் கடைக்குள், என் மெஷினில் நான் அடித்த படத்தில், அந்தப் பாளம் இடது பக்கமாக வழுக்கிக்கொண்டு போனது. கையை எடுத்தேன், நின்றது. மறைத்தேன், சரிந்தது. விளக்கு சுவிட்சைப் போட்டுப் போட்டு அணைக்கிற குழந்தை மாதிரி பத்துத் தடவை செய்து பார்த்தேன். பதினாறு வருஷமாகக் கலரில் புரள்கிறேன், ஒரு கலருக்கு எடை உண்டு என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை.

"அப்போ இந்த வெள்ளை எதுக்கு இவ்ளோ கெடக்குது?" என்றேன், விட்டுக்கொடுக்க மனமில்லாமல்.

"அதுங்க நிக்கறதுக்கு எடம் வேணாமா? சூளையில பலகைக்கும் பலகைக்கும் நடுவுல எடம் வுடலன்னா ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். நீங்களா இருந்தா இந்நேரம் அங்க ஒரு சிங்கம் உக்காந்திருக்கும்."

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் சிங்கத்தை அங்கே வைத்து மனசுக்குள் பார்த்தேன். அசிங்கமாகத்தான் இருந்தது.

அவள் வட்டத்தின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தாள். "எவ்ளோ கனமான கலரு பாருங்க. அதான் இத்துணூண்டு இருந்துக்கிட்டு அத்தாம் பெரிசைத் தாங்குது. வெந்து வந்தா எப்படி இருக்கும்னு எனக்கு இப்பவே தெரியுது." பிறகு மஞ்சள் கோட்டை உள்ளங்கையால் மறைத்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். "இந்தக் கோடு மட்டும்தான் புரியல. இதை மறைச்சா ஒண்ணுமே ஆவல. சும்மா நிக்குது. மேடம் அழகுக்குப் போட்டிருப்பாங்க."

ரோஸ் எப்படி அம்மா கனமான கலர் என்று நான் அப்போதே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. எனக்கு அன்றைக்குக் கையை வைத்து மறைப்பதிலேயே குறி.

பத்து நாள் வேலை நடந்தது. தொண்ணூற்றாறு டைல்ஸ். ஒரு தடவை சுட்டு வெளுப்பாக இருக்கிற டைல்ஸை ஷெட் தரையில் பரப்பி, பிளெக்ஸைப் பார்த்துக் கோடு போட்டு, அவள் ஒருத்தியாகக் கிளேஸ் பூசினாள். கருப்புக்கும் மஞ்சளுக்கும் யூனிட்டிலேயே பொடி இருந்தது. நான் கடையைச் சாத்திவிட்டுத் தினமும் மத்தியானம் போய்ப் பார்த்தேன். பூசி முடித்த அன்று அப்படியே அச்சு மாதிரி இருந்தது. வட்டம் நாலு டைல்ஸின் மூலைகளில் கூடியிருந்தது, ரோஸ் என்றால் அப்படி ஒரு ரோஸ். நான்தான் போட்டோ எடுத்து அந்த அம்மாவுக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன். "அருமை! அப்படியே இருக்கு!" என்று பதில் வந்தது. பழமலைநாதன் படத்தைச் சரியாகப் பார்த்தவரே இல்லை, அவருக்கு லோடு வெள்ளிக்கிழமை போக வேண்டும், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரி திறப்பு. டைல்ஸ் சூளைக்குள் போனது.

திங்கட்கிழமை சூளை திறந்தார்கள். நானும் போயிருந்தேன். பானுமதி தலைக்குக் குளித்துக் கனகாம்பரம் வைத்துக்கொண்டு வந்திருந்தாள். வண்டி வெளியே வந்தது. ஒரு டைல் வெடிக்கவில்லை, ஒரு டைல் கோணவில்லை. ஷெட்டில் ஒவ்வொன்றாகப் பரப்பினார்கள். கருப்பு கண்ணாடியாக மின்னியது. மஞ்சள் சுத்தமாக விழுந்திருந்தது. கடைசியில் அந்த நாலு டைல்ஸை அவளே இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து வைத்தாள்.

நீலம்.

நல்ல ஆழமான, கிருஷ்ணர் நீலம்.

"பாத்தீங்களாண்ணே!" என்று கைகொட்டினாள். "இருவது வருஷம் கழிச்சி! கை மறக்கல பாருங்க!"

நான் பக்கத்தில் சுருட்டி வைத்திருந்த பிளெக்ஸை எடுத்து விரித்தேன். "பானு, அது ரோஸும்மா."

"ஆமாண்ணே. அதான் நீலம்."

"இல்லம்மா. ரோஸுன்னா ரோஸு. படத்துல ரோஸுதான் இருக்குது."

"படத்துலதான் போட்டிருக்குதே, பச்சைன்னு" என்றாள் பானுமதி. "பச்சைன்னா வேகாததுதானே? பச்சைச் செங்கல்னு சொல்றமாதிரி? சூளைக்குப் போறதுக்கு முன்னாடி எப்படி இருக்கணும்னு மேடம் பாத்துப் பாத்துப் போட்டுக் குடுத்திருக்காங்கன்னு..." அவள் குரல் அங்கேயே நின்றது. "கருப்பும் மஞ்சளும் வெந்தாலும் மாறாது. ரோஸுன்னு ஒரு பொடி நம்ம யூனிட்டுல கெடையாது. ரோஸா தெரிஞ்சா அது கோபால்ட்டுதானேண்ணே?"

நான் பச்சை என்றால் கிரீன் என்று நினைத்துப் படம் முழுக்கக் கிரீனைத் தேடியவன். அவளைச் சொல்ல எனக்கென்ன யோக்கியதை? ஆனால் கோபம் வந்தது. அவள்மேல் இல்லை. ஒரு படத்துக்கு 'மாலைப் பொழுது' என்றோ 'மயில்' என்றோ பெயர் வைத்துவிட்டுப் போனால் இவர்களுக்கு என்ன குறைந்துவிடும்?

பழமலைநாதன் வந்து பார்த்தார். "நீலம்தான் எடுப்பா இருக்குதுன்னு மேடத்துக்கிட்ட சொல்லுவோம். யாரும் வாயைத் தொறக்காதீங்க" என்றார். பானுமதியைப் பார்த்து, "அவங்க ஒத்துக்கிட்டா சரி. இல்லன்னா நான் சொன்னது சொன்னதுதான்" என்றார். அவள் அன்று மத்தியானச் சோற்றைத் திறக்கவே இல்லை. சாமிதுரை விஷயம் கேள்விப்பட்டு, நேராக மணவாளநல்லூருக்கு ஆட்டோவை விட்டு, கொளஞ்சியப்பர் கோயிலில் சீட்டெழுதிப் பிராது கட்டிவிட்டு வந்துவிட்டார். என்ன எழுதினார் என்று கேட்டேன். "அந்தம்மாவுக்கு நீலம் புடிக்கணும்னு" என்றார்.

மறுநாள் காலையில் மோகனப்பிரியா வந்தார். ஷெட்டுக்குள் நுழைந்ததும் முகம் மலர்ந்தது. அடுத்த நொடி வட்டத்தைப் பார்த்தார். மலர்ந்தது அப்படியே நின்றுவிட்டது.

பழமலைநாதன் பேச ஆரம்பித்தார். எடுப்பு, பளபளப்பு, நீலத்தின் அருமை, எல்லாம். அந்த அம்மா டைல்ஸை இரண்டு சுற்று சுற்றி நடந்தார். பிறகு மெதுவாக, "நீலமும் நல்லாத்தான் இருக்கு" என்றார். "வேலை ரொம்ப சுத்தம். ஞாயித்துக்கிழமை திறப்பு விழா வேற. பரவாயில்லைங்க, இப்படியே அனுப்பிடுங்க."

பழமலைநாதன் பெருமூச்சு விட்டார். நானும் விட்டேன். கொளஞ்சியப்பர் ஒரே நாளில் பிராதைத் தீர்த்துவிட்டார். பானுமதிக்கு வேலை நிலைத்துவிட்டது, இனிமேல் கலர் அவளுடையது. எனக்குக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

பானுமதியைத் திரும்பிப் பார்த்தேன். அவள் எங்கள் யாரையும் பார்க்கவில்லை. ஒரு பக்கம் டைல்ஸ், ஒரு பக்கம் பிளெக்ஸ், நடுவில் நின்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டியிருந்தாள். பிளெக்ஸில் இருந்த மஞ்சள் கோட்டை மறைத்தாள். எடுத்தாள். மறைத்தாள். அவள் முகம் மாறுவதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"அய்யோ!" என்றாள்.

"என்னாச்சு?" என்றார் பழமலைநாதன்.

"கோடு! இந்தக் கோடுதாண்ணே முட்டு!" என்னைப் பார்த்துத்தான் கத்தினாள். "நான் நீலம்னு நெனச்சுக்கிட்டே பாத்தேன், அதான் தெரியல. நீலம் கனம். கருப்பை அதுவே தாங்கிக்கும், கோட்டுக்கு வேலையே இல்ல. ரோஸுக்கு ஏது கனம்? அது பஞ்சு. அதால தாங்க முடியாது. இந்த ஒத்தைக் கோடுதான் அத்தாம் பெரிய கருப்பை அது மேல வுழாம புடிச்சிக்கிட்டு நிக்குது! மறைச்சுப் பாருங்க, மறைச்சுப் பாருங்க!"

நான் மறைத்தேன். கருப்பு இந்தத் தடவை இடது பக்கம் போகவில்லை. நேராகக் கீழே, அந்த ரோஸின் மேலே வந்தது. சட்டென்று கையை எடுத்துவிட்டேன். எடுத்ததும் அந்த நூல் மாதிரிக் கோடு மறுபடி அதைப் பிடித்து நிறுத்தியது. தொண்ணூற்றாறு டைல்ஸ் படத்தின் உயிர் அந்த அரை விரல் கோட்டில் இருந்திருக்கிறது. நான் அதை அடித்து, சுருட்டி, ரப்பர் பேண்டு போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

"இதை அனுப்பாதீங்க மேடம்" என்றாள் பானுமதி. "தப்புங்க. நான் செஞ்சது தப்பு. ரோஸுதான் சரி."

பழமலைநாதன் அவளை முறைத்த முறைப்பில் இன்னொரு சூளை பற்றிக்கொண்டிருக்கும்.

மோகனப்பிரியா பானுமதியின் பக்கத்தில் அந்த மண் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "அக்கா, பச்சைக் குழந்தைன்னு சொல்லுவாங்கல்ல, அந்தப் பச்சை. என் பொண்ணு எட்டாம் மாசத்துல பொறந்துட்டா. பொறந்தப்போ அவ குதிகால் இந்த ரோஸ்லதான் இருந்துச்சு" என்றார். "அந்தக் கோடு என்னன்னு மட்டும் எனக்கே தெரியாது. அதைப் போடற வரைக்கும் படம் முடியல. இத்தனை பேரு பாத்திருக்காங்க. ஒருத்தர்கூட அந்தக் கோட்டைப் பத்திப் பேசினது கிடையாது."

இரண்டு பேரும் படத்தை நோக்கி உட்கார்ந்து எதையெதையோ மறைத்தும் திறந்தும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வட்டத்தை ஒரு விரற்கடை நகர்த்தினால் என்ன ஆகும், கருப்பு நேராக நின்றால் ஏன் செத்துப்போகிறது என்று சண்டை மாதிரிப் பேசினார்கள். எனக்கும் சில கருத்துகள் இருந்தன. யாரும் கேட்கவில்லை.

பக்கத்து யூனிட்டில் பூப்போட்ட கப் செய்கிறார்கள். வெந்தாலும் ரோஸாகவே நிற்கிற பொடி அவர்களிடம் இருந்தது. பழமலைநாதன் முனகிக்கொண்டே போன் போட்டார். வைத்துவிட்டு, "நாலு டைல முடிச்சிக் குடுத்துட்டு ப்யூஸ் கட்டைக்குப் போயிடு பானுமதி. சொன்ன சொல்லு ஒண்ணு இருக்குதில்ல" என்றார்.

"சரிங்க சார்" என்றாள். அவள் கண் கலங்கித்தான் இருந்தது. ஆனால் கை அதற்குள் கிளேஸ் கலக்க ஆரம்பித்திருந்தது.

வியாழக்கிழமை சாயங்காலம் சூளை திறந்தபோது அவள் அங்கே இல்லை. ப்யூஸ் ஷெட்டில் முக்கிக்கொண்டிருந்தாள். நான்தான் ஓடிப் போய்க் கூப்பிட்டேன். கிளேஸ் வழிகிற கையோடு வந்து நின்றாள். நாலு டைல்ஸும் ரோஸ். இளசாக, தொட்டால் கன்றிவிடும் போல. அவள் தொடவில்லை. கை அழுக்கு என்று முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"உள்ள போனப்போ எப்படி இருந்துச்சோ அப்படியே வந்திருக்குது" என்றாள். அதுவும் அவளுக்கு ஆச்சரியம்தான். லாரி ஏறும்வரை நின்று பார்த்துவிட்டு, மிச்சக் கட்டைகளை முக்கப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு என் தொழில் கெட்டுப்போனது. கொளஞ்சியப்பன் என்று ஒரு வாடிக்கையாளர், மகளின் காதுகுத்துக்குப் பேனர் கேட்டார். இடது பக்கம் குழந்தை படம், வலது கீழ் மூலையில் பெயர், மிச்சமெல்லாம் வெள்ளை விட்டு அடித்தேன். கையால் மறைத்து நாலு தடவை சரிபார்த்துத்தான் அடித்தேன். "மை தீந்துபோச்சா? என் மச்சானுங்க எங்க?" என்று கடை வாசலில் நின்று சத்தம் போட்டார். மச்சான்கள் ஐந்து பேரையும் ஏற்றி மறுபடி அடித்துக் கொடுத்தேன். வெள்ளை பேனரை நானே வைத்துக்கொண்டேன். கடையில் என் நாற்காலிக்கு எதிரே தொங்குகிறது. குழந்தை அழகாகத் தெரிகிறது.

பானுமதி மட்டும் முன்னைப்போலச் சிரிக்கவில்லை. காலையில் போவாள், வருவாள். "எப்படிம்மா போவுது?" என்றால், "பிரவுனா போவுதுண்ணே" என்பாள். வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் இந்நேரம் கலர் வேலையில் இருந்திருப்பாள். தெருவில் எல்லாரும் அவளிடம் அதைத்தான் சொன்னார்கள், சாமிதுரை உட்பட. நான் சொல்லவில்லை. எனக்கு அந்தக் கோடு தெரியும்.

சித்திரையில் ஒரு நாள் பழமலைநாதன் போன் செய்தார். "கோதண்டம், அந்த மேடம் மறுபடி படம் அனுப்பியிருக்காங்க. பெரிசா அடிச்சுக்கிட்டு வா. பானுமதி செஞ்சாத்தான் உண்டாம், இல்லன்னா வேற ஊரு பாத்துக்கறாங்களாம். என் சொல்லு என்னாத்துக்கு ஆவுது, ஆர்டர் போயிடும்" என்றார்.

கோப்பைத் திறந்தேன். வெள்ளைமேல் மூன்று உருவம். மேலே ஒரு நீண்ட பச்சைப் பட்டை, நடுவில் ஆரஞ்சு முக்கோணம், கீழே இடது பக்கம் ஒரு சதுரம். சதுரத்துக்கு வெறும் பென்சில் கோடுதான், உள்ளே நிறமே இல்லை. ஓரத்தில் கையால் எழுதியிருந்தார்: "அக்கா, இதில் ஆரஞ்சு என்றால் ஆரஞ்சு, கிரீன் என்றால் கிரீன். படத்துக்குப் பேர் வைக்கவில்லை, வைத்தால்தான் வம்பு. சதுரத்துக்கு எனக்கு நிறம் கிடைக்கவில்லை. நீங்கள் பாருங்கள். நான் புதன்கிழமை வருகிறேன்."

பிளெக்ஸை என் டி.வி.எஸ்.ஸில் கட்டிக்கொண்டு பறந்தேன். பானுமதி படித்தாள், திரும்பப் படித்தாள், முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு உடைந்த டைலின் நீலச் சில்லு ஒன்றை எடுத்துச் சதுரத்தில் வைத்து நாலடி தள்ளி நின்று பார்த்தாள். இல்லை என்று தலையாட்டினாள். மஞ்சள் வைத்தாள். கருப்பு வைத்தாள். இரண்டு நாள் இப்படியே போனது. யூனிட்டில் இருந்த நிறமெல்லாம் தீர்ந்தது.

புதன்கிழமை காலையில் நான் போனபோது அவள் உள்ளங்கையால் அந்தச் சதுரத்தை மறைத்துக்கொண்டு நின்றிருந்தாள். திடீரென்று கை அசையாமல் நின்றது. தன் கையையே பார்த்தாள். நகக்கண்ணில், ரேகைகளில், பத்தொன்பது வருஷமாக எந்த சோப்பும் எடுக்காத ப்யூஸ் கட்டைக் கறை இருந்தது.

வாய்விட்டுச் சிரித்தாள். கன்னத்தில் தண்ணீர் ஓட ஓடச் சிரித்தாள். "அண்ணே, அட அண்ணே!" என்று கூப்பிட்டுக்கொண்டே ப்யூஸ் ஷெட்டுக்கு ஓடி, கிளேஸ் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். சதுரத்துக்கான டைல்ஸை எடுத்து வரிசையாக முக்கினாள். ப்யூஸ் கட்டையை முக்குகிற அதே முக்கு.

அந்த நேரம் பார்த்து மோகனப்பிரியா உள்ளே வந்தார். வாளியிலிருந்து சொட்டச் சொட்ட வெளியே வந்த டைல்ஸைப் பார்த்துப் பதறிவிட்டார். வேகாத ப்யூஸ் கிளேஸ் செங்கல் சிவப்பாகத்தான் இருக்கும், வெந்தால்தான் பிரவுன்.

"அக்கா, சிவப்பா? வேணாங்க்கா! கண்ணைக் குத்துது, படமே கவிழ்ந்துடும்!"

பானுமதி நிமிரவில்லை. அடியைத் துடைத்து, டைலைப் பலகையில் வைத்தாள்.

"இது இன்னும் பச்சைங்க" என்றாள். "வேகட்டும், பாருங்க."